முப்பத்தெட்டு நிமிடக் கார்டு

மரக்காணம்
7.3.2006, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் செந்தமிழுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பில் குறையில்லாமல் இருக்கிறோம், ஜப்பானில் குளிர் இறங்கியதா, உன் இருமல் விட்டதா என்று பதிலில் எழுது. உறுதியான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பத்தேகால் மணிக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வார்டு டாக்டர் என்னிடம் நேரில் சொன்னது, அடிபட்ட முருகையனுக்கு நேற்று மாலை நினைவு வந்துவிட்டது. பெயர் கேட்டதற்குப் பெயர் சொன்னாராம், மனைவியை அடையாளம் தெரிந்துகொண்டாராம், கஞ்சி இறங்குகிறது. தலையில் உள்ள இரத்தக்கட்டு கரைகிறதா என்று இன்னும் ஒரு வாரம் பார்க்கவேண்டும், அதற்குள் பிழைத்துவிட்டார் என்று யாரும் சொல்லக்கூடாது என்றும் டாக்டர் சொன்னார். விபத்து மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பியது வரை இருக்கிறது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான். நடுவில் உள்ளது திரும்ப வராமலே போகலாமாம். இதை நான் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதிக்கொண்டேன், ஏனென்றால் உன் தம்பி மோதினானா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான் என்று ஐந்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுத அழுகையில் பாதிதான் சொல்லமுடிந்தது, அம்மா வேறு பக்கத்தில் நின்றுகொண்டு ரிசீவரைப் பிடுங்கினாள், அதனால் வரிசையாக எழுதுகிறேன். போன வியாழக்கிழமை, 2-ஆம் தேதி காலை, தம்பி ஜெயசீலன் வாடகைக்கு ஒரு பார்ட்டியை ஏற்றிவரப் புதுச்சேரிக்குக் காலி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தான். அனுமந்தைக்கு முன்னால் உப்பளத்துக்குத் திரும்பும் இடத்தில் முருகையன் ரோட்டோரம் விழுந்து கிடந்தார். இனிமேல் எழுதுவது தம்பி சொன்னது, நான் பார்த்ததில்லை. அவனுக்கு முன்னால் தார்ப்பாய் மூடிய உப்பு லாரி ஒன்று போனது, அதுதான் சைக்கிளை உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது, நம்பரைப் பார்க்கவில்லை, ஆளைத் தூக்கும் அவசரத்தில் லாரியை மறந்துவிட்டான். 6.52-க்கு அவன் என்னைக் கூப்பிட்டது என் செல்லில் பதிவாகியிருக்கிறது, 'அப்பா, ஒருத்தரு அடிபட்டுக் கெடக்கிறாரு, நான் பாண்டிக்குத் தூக்கினு போறேன்' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். நான் எழுந்து சட்டை போடுவதற்குள், உப்பு வாரப் போன இரண்டு பெண்கள் ஊருக்குத் திரும்பி ஓடி, வெள்ளைக் கார் மோதி முருகையனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வந்தபோது ரோட்டில் லாரி இல்லை, கார் இருந்தது, சீலன் கையெல்லாம் இரத்தமாக இருந்தது. முருகையனின் மனைவி குப்பம்மாள் அன்று மதியமே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள், வழக்குப் பதிவாகி லைசென்ஸையும் வண்டியையும் எடுத்துக்கொண்டார்கள், சீலனை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். முருகையன் உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கின் பிரிவு மாறிவிடும், அது உனக்கும் தெரியும்.

நீ தீபாவளிக்குக் கொடுத்தனுப்பிய வண்டிக் கேமரா இருக்கிறதே, அதில் எல்லாம் பதிந்திருக்குமே என்றுதான் நீ போனில் முதலில் கேட்டாய். அதற்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை, லைன் சரியில்லை என்று சொன்னேன். லைன் சரியாகத்தான் இருந்தது. கேமராவோடு நீ அனுப்பிய கார்டு பெரியது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பதியும், நிறைந்தால் பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். பிப்ரவரி 26-ஆம் தேதி எக்கியார்குப்பத்தில் சுனாமி வீடுகளைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள், பேப்பருக்கு நான் படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. என் கேமராவில் இருந்த சின்னக் கார்டு நாற்பது படத்தில் நிறைந்துவிடும், இரண்டிலும் ஒரே வடிவக் கார்டுதான் போடலாம், அதனால் வண்டியிலிருந்த பெரிய கார்டை எனக்கு எடுத்துக்கொண்டு என் சின்னதை வண்டியில் போட்டேன். சாயங்காலமே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். படங்களை சிடியில் ஏற்ற நேரமில்லாமல் நான்கு நாள் போய்விட்டது, சீலனிடமும் சொல்லவில்லை. சின்னக் கார்டில் முப்பத்தெட்டு நிமிடம்தான் பதியும். இதில் தம்பி தப்பு எதுவும் இல்லை, கார்டு விஷயம் முழுக்க என் தப்பு.

இப்போது கணக்கைப் பார். விபத்து சுமார் 6.50. அவன் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியது 7.25, கேமராவின் மூலையில் ஓடும் மணியில் அப்படி இருக்கிறது, உள்ளே சேர்த்த நேரம் ரிஜிஸ்டரில் 7.27. வாசலிலேயே என்ஜினை நிறுத்தியிருந்தால் கேமராவும் நின்றிருக்கும், 6.47 முதல் எல்லாம் கார்டில் இருந்திருக்கும், மூன்று நிமிடம் மிச்சத்தோடு விபத்து அதில் இருந்திருக்கும். ஆனால் நம் பக்கத்து டிரைவர்கள் அவசரத்தில் என்ஜினை நிறுத்த மாட்டார்கள், உப்புக் காற்றில் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும், நிறுத்தினால் திரும்ப எடுக்குமா என்பது நிச்சயமில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொன்னால் என்ன செய்வது என்று அவனும் ஓடவிட்டே உள்ளே போனான். வாட்ச்மேன் வந்து, வண்டியை ஓரங்கட்டுப்பா என்று சத்தம் போட்ட பிறகு நகர்த்தி நிறுத்தியபோது 7.39. அதனால் கார்டில் இருப்பது 7.01 முதல் 7.39 வரை. ஒருவரின் உயிரைக் காப்பாற்ற அவன் ஓட்டிய ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கான சாட்சியில் ஒரு நிமிடத்தை அழித்துக்கொண்டு வந்திருக்கிறது. பெரிய கார்டு இருந்திருந்தால் இவ்வளவு ஓட்டியும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஒன்பது மணிவாக்கில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கார்டைக் கழற்றிக்கொண்டேன். பக்கத்தில் படம் பிரதி எடுக்கும் கடையில் கம்ப்யூட்டரில் போட்டு அந்த முப்பத்தெட்டு நிமிடத்தையும் பார்த்தேன், கேட்டேன். கேமரா ரோட்டைத்தான் காட்டும், ஆனால் வண்டிக்குள் பேசுவதும் பதியும் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா. சீலன் பின்சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருகிறான். 'அண்ணே, கண்ண மூடாதீங்கண்ணே, உங்க பேரு இன்னா, எந்த உப்புப் பாத்தில வேலை செய்றீங்க, பேசுங்கண்ணே, எதனா பேசுங்க' என்கிறான். 'தோ, கோட்டக்குப்பம் வந்துடுச்சு' என்று கோட்டக்குப்பம் வருவதற்கு வெகு முன்னாலேயே நான்கு தடவை சொல்கிறான். இது எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 7.04-க்கு, கூனிமேட்டைத் தாண்டும்போது, 'மன்னிச்சிடுண்ணே' என்கிறான். 7.12-க்கு மறுபடியும், 'மன்னிச்சிடுண்ணே, மன்னிச்சிடு'. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை சொல்வதற்கு முன்னால் படம் ஒரு குதி குதிக்கிறது, முருகையன் முனகுவது கேட்கிறது, வேகத்தடையில் மெதுவாக்காமல் ஏற்றியிருக்கிறான். மறுநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொண்டே போனேன், அந்த இடத்தில் வேகத்தடை இருக்கிறது. இரண்டாவது தடவை படம் குதிக்கவில்லை. ரோடு நேராக, சீராகப் போய்க்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன், பெயர் வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டு, 'சார், லாரி போனது அதுல இல்ல, உங்க பையன் மன்னிப்பு கேட்டது மட்டும் இருக்குது. அப்படி ஒரு கார்டே இல்லன்னு வெச்சிக்கங்களேன். உங்க படக் கேமராவுல போட்டு ஒரு பட்டன அமுக்கினா சுத்தமாயிடும்' என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றில் கையை வைத்துக்கொண்டே, 'வண்டி வந்ததும் அந்த சனியன் புடிச்ச கேமராவ மொதல்ல கழட்டிக் கடாசுங்க, அது வர்றதுக்கு முன்னாடி என் புள்ள வண்டி ஓட்டலியா' என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு சீலனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கார்டை மாற்றி வைத்ததையும் கார்டில் என்ன இருக்கிறது என்பதையும் வக்கீல் சொன்னதையும், அழிந்ததில் கொஞ்சம் மீளலாம் என்று பேப்பர் ஆபீசில் சொன்னதையும், எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தான். 'ஊரு தப்பையெல்லாம் எழுதி பேப்பர்ல போடறே, உன் தப்ப எந்தப் பக்கத்துலப்பா போடுவாங்க' என்றான். எனக்கு அது தேவைதான். அந்த இரண்டாவது மன்னிப்பு எதற்குடா என்று கேட்டேன். 'தெர்லப்பா. கண்ணாடில பாத்தேன், அவரு கண்ணத் தொறந்து என்னையே பாத்தாரு. வாயில வந்துடுச்சு' என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அப்படியானால் அழித்துவிடலாமா என்றேன். 'அழிச்சிட்டா லாரியும் அதோட போயிடும்ல. இருக்கறத இருக்கற மாதிரியே குடு, நான் சொன்னது தானே' என்று எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போய், இப்படி ஒரு பதிவு என்னிடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அதைப் படிக்க அவர்களிடம் மிஷின் இல்லையாம், நீங்களே படிக்க ஏற்பாடு பண்ணி சிடியோடும் கார்டோடும் கோர்ட்டில் கொடுங்கள் என்றார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் குப்பம்மாளைப் பார்த்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், கூட முருகையன் வேலை செய்யும் உப்பளத்து மேஸ்திரி கன்னியப்பன் இருந்தார். கார்டில் இருப்பதை ஒளிக்காமல் சொன்னேன், மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, 'மன்னிப்பு கேட்டான்னா, மோதிட்டான்னு தானே அர்த்தம்?' என்றாள். அப்படியும் இருக்கலாம்மா, எனக்குத் தெரியாது, அழிந்துபோன பதினொரு நிமிடத்தில் ஏதாவது மீளுமா என்று மெட்ராஸில் கொடுத்துப் பார்க்கப் போகிறேன் என்றேன். உடனே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. 'உங்க வூட்டு கேமரா, உங்க வூட்டு டப்பா, நீங்களே எடுத்துனு போயி நீங்களே படிச்சிட்டு வந்து லாரின்னுவீங்க, ஏரோப்ளேன்னுவீங்க, நாங்க தலையாட்டணுமா' என்றாள். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

அதற்கு வழி சொன்னவர் கன்னியப்பன். அவர் உப்பளத்தில் உப்பை அம்பாரமாகக் குவித்தால் மேலே சாம்பலைத் தூவி எழுத்து வெட்டின மரப்பலகையால் சுற்றிலும் அச்சுக் குத்தி வைப்பார்கள், நீயும் பார்த்திருப்பாய். ராத்திரியில் யாராவது ஒரு கூடை அள்ளினாலும் காலையில் அச்சு கலைந்திருக்கும், ஆளைத் தெரியாவிட்டாலும் கை வைத்தது தெரிந்துவிடும். 'சார், அந்த டப்பாவக் கொண்டாங்க, நம்ம பலகைய வெச்சிடறேன். மெட்ராஸ் வரைக்கும் நானும் வர்றேன். இன்னா குப்பம்மா, நம்ம அச்சு மேல நம்பிக்கை இருக்குதுல்ல' என்றார். சாயங்காலம் அவள் உப்பளத்துக்கு வந்தாள். கார்டை அதன் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் துணியில் சுற்றி, முடிச்சின் மேல் களிமண்ணை அப்பி, பலகையின் மூலையால் கன்னியப்பன் அழுத்தினார். ஈரம் உள்ளே போய்விடுமோ என்று எனக்குத்தான் பயம், பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னேன். அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று குப்பம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வரை அது தன்னிடமே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டாள். அரிசிக் குண்டானில் போட்டு வைத்திருந்தாளாம், கன்னியப்பன் சொன்னார். உன் தம்பியின் எதிர்காலம் இரண்டு நாள் அவள் வீட்டு அரிசிக்குள் இருந்தது.

நேற்று நானும் கன்னியப்பனும் பஸ்ஸில் மெட்ராஸ் போனோம். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க், கார்டு இவற்றில் அழிந்ததை எடுத்துத் தரும் ஒருவரைப் பேப்பர் ஆபீசில் விசாரித்து வைத்திருந்தேன், சின்ன வயசுக்காரர், வேலையில் நிதானம் இருக்கிறது. எங்கள் இரண்டு பேர் முன்னாலும் களிமண்ணை உடைத்தார், 'நான் இதுவரைக்கும் இப்படி ஒரு சீல் பாத்ததில்ல சார்' என்றார், கன்னியப்பனுக்குப் பெருமை. கார்டை மேலோட்டமாகச் சோதித்துவிட்டு அவர் சொன்னது இதுதான். புதிதாக எழுதின இடத்தில் முன்பு இருந்தது வராது, அதை யாராலும் எடுக்கமுடியாது. ஆனால் கார்டு எல்லா இடத்தையும் நிரப்பி எழுதுவதில்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழைய துண்டு விட்டுப்போயிருக்கும், அந்தத் துண்டுகளில் 6.50 மாட்டியிருக்கவேண்டும். பத்துக்கு மூன்று பங்கு வாய்ப்பு என்றார், வந்தாலும் சில விநாடிதான் வரும், சத்தம் இல்லாமல் வெறும் படமாகக்கூட வரலாம், லாரி இருந்தால் நம்பர் தெரியுமா என்று கேட்காதீர்கள் என்றார். கிடைப்பதை நாங்கள் எல்லோரும் வந்த பிறகுதான் திறப்பேன், அதற்கு முன் யார் போன் செய்தாலும் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்படி எழுதச் சொன்னவன் நானல்ல, சீலன். நாங்கள் கிளம்பும்போது பஸ் நிறுத்தத்துக்கு வந்து, 'நீ முன்னாடி பாத்துடாதப்பா, அந்த அம்மா பாக்கட்டும், அவங்களோடவே நீயும் பாரு' என்றான்.

வண்டி திரும்ப வந்தால் கேமராவுக்கு என்ன கார்டு அனுப்பட்டும் என்று நீ கேட்பாய். அதையும் அந்த மெட்ராஸ்காரரிடம் விசாரித்தேன். புதுச்சேரிக் கடைக்காரர் கார்டு வடிவத்திலேயே வரும் குட்டி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் காட்டினார், நாள் முழுக்கப் பதியுமாம். மெட்ராஸ்காரர் அது வண்டிக்கு ஆகாது என்கிறார், உள்ளே தட்டு சுழல்வதால் குலுக்கலில் ஒரு நாள் நின்றுபோகும். மேலே பெரிய எண் அச்சடித்து உள்ளே சின்னதாக இருக்கும் போலிக் கார்டுகளும் இப்போது நிறைய வருகின்றனவாம், நிறைந்த பிறகு எழுதுவது போலக் காட்டும், எழுதாது, அதனால் வாங்கினதும் ஒரு தடவை முழுக்க நிரப்பித் திரும்பப் போட்டுப் பார்க்கவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் மத்தியான வெயிலில் கொதிக்கும் சூட்டைத் தாங்கும் என்று எழுதியிருப்பதாகப் பார், அளவு மூன்று மணி நேரத்துக்குக் குறையவேண்டாம். ஒன்றுக்கு இரண்டாக அனுப்பு, ஒரே மாதிரி. கார்டின் முனைகளை வாரம் ஒரு தடவை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும், உப்புக் காற்று பேட்டரியை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை. ஏதாவது நடந்தால் வண்டியை எடுப்பதற்கு முன் கார்டை உருவி அடுத்ததைச் சொருகவேண்டும், இதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். உன் கார்டை நான் இனித் தொடமாட்டேன், என் கேமராவுக்கு நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா தினம் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொடுத்து விடுகிறாள். முதல் நாள் தூக்குவாளி திறக்காமலே திரும்பி வந்தது. இன்று காலி வாளியாக வந்தது, கழுவாமல். சீலன் சாப்பிடுகிறான், தூங்குகிறானா தெரியவில்லை, பேட்டரி முனைக்குக் கிரீஸ் வாங்கி வைத்திருக்கிறான், வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. தம்பியை நம்புகிறாயா என்று நீ போனில் கேட்டாய். நம்புகிறேன். ஆனால் நான் பார்க்கவில்லை செந்தமிழ், அதனால் லாரி மோதியது என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, நீ கவனித்திருப்பாய். அது உனக்கு வருத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நல்ல உடம்போடும் தெளிந்த மனதோடும் நீ இருக்கவேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். வேளைக்குச் சாப்பிடு, இருமலுக்கு டாக்டரைப் பார், கார்டுகளைத் தபாலில் போடாமல் ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடு. தம்பிக்கு நீ தனியாக நாலு வரி எழுது, வழக்கைப் பற்றி எதுவும் கேட்காதே. இனித் தெரியவேண்டியவை மூன்று. முருகையனின் இரத்தக்கட்டு பற்றி டாக்டர் சொல்வது, அடுத்த செவ்வாய் 14-ஆம் தேதி. திண்டிவனம் கோர்ட்டில் முதல் வாய்தா, 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. கார்டு, 20-ஆம் தேதி திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மெட்ராஸில், குப்பம்மாள், கன்னியப்பன், சீலன், நான், நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, உங்கள் மணி எட்டரைக்கு, போன் பக்கத்தில் இரு. அதில் என்ன இருந்தாலும், ஒன்றும் இல்லாவிட்டாலும், கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தட்சணாமூர்த்தி